தாள்தோறும் தலைப்பும் அடிவரியும்

இணையப் பக்கங்களை அச்சிடுவோருக்கு ஒரு செய்முறை அத்தியாயம்

ஒரு சிறு நூலகத்தின் நூற்பட்டியலை உலாவியிலிருந்து நேராக அச்சிட்டு, 62 தாள்களையும் ஒழுங்காக மேசையின்மேல் அடுக்கி வைத்துவிட்டு, அவற்றைத் தைப்பதற்கு ஊசியும் நூலும் எடுத்துவர நான் அடுத்த அறைக்குச் சென்றிருந்த சமயத்தில், புழுக்கம் தாங்காத யாரோ ஒருவர் மின்விசிறியைச் சுழல விட்டுவிட்டார். திரும்பி வந்து பார்த்தபோது தாள்கள் அறை முழுவதும் பரவிக் கிடந்தன. பட்டியல் பொருள்வாரியாகப் பிரிக்கப்பட்டிருந்ததே ஒழிய வரிசை எண் இடப்பட்டதன்று. எந்தத் தாளிலும் பக்க எண் இல்லை. பத்திகளின் பெயர்களோ முதல் தாளோடு நின்றுவிட்டன. ஆகவே, கையில் எடுத்த தாளில் ஒரு நூலின் பெயருக்கு எதிரே 340 என்று இருந்தால், அது அந்நூலின் விலையா, அது இருக்கும் அலமாரியின் எண்ணா என்றுகூடச் சொல்ல இயலவில்லை. அன்று மாலை முழுவதும் அவற்றை வரிசைப்படுத்துவதிலேயே கழிந்தது.

ஓலையில் எழுதிய நம் முன்னோர் இந்த ஆபத்தை நன்கு அறிந்திருந்தார்கள். சுவடியின் கயிறு அறுந்தால் ஏடுகள் சிதறும் என்பதை எண்ணி, ஒவ்வோர் ஏட்டின் இடப்புற ஓரத்திலும் அதன் எண்ணைப் பொறித்தார்கள். கயிறு கோக்கும் துளையைச் சுற்றி இடம் விட்டே எழுதினார்கள். இந்த அத்தியாயத்தின் சாரமும் அதுவே. ஒவ்வொரு தாளுக்கும் தலைப்பும் எண்ணும் தருவது அத்தனை கடினமான காரியமன்று. அவற்றுக்கு உரிய இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி வைப்பதில்தான் வேலையின் பெரும்பகுதி அடங்கியிருக்கிறது.

கணினி மையங்களில் ஹெடர், ஃபுட்டர் என்று வழங்குவனவற்றை இங்கே முறையே பக்கத்தலைப்பு, அடிவரி என்று குறிப்பிடுகிறேன். கட்டளைச் சொற்களை ஒலிப்படியே தமிழில் தந்திருக்கிறேன். கோப்பில் அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், இடையே சிறுகோடு காட்டியுள்ள இடங்களில் சிறுகோட்டுடன் எழுதுக. எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். இரண்டிலும் ஆரம்பப் பயிற்சி உடையவர் எவரும் இதைச் செய்து முடிக்கலாம்.

எந்த வழி எவருக்கு?

வழிகள் நான்கு உண்டு. நான்கையும் கற்க வேண்டுமென்ற அவசியமில்லை. உங்கள் காரியத்துக்குப் பொருந்துவதைத் தேர்ந்து, அந்தப் பகுதிக்கு நேரே செல்லலாம்.

- பிறருடைய பக்கத்தை அச்சிடுகிறீர்கள், கோப்பில் கைவைக்க உங்களுக்கு உரிமை இல்லை: முதல் வழி.
- உங்கள் பக்கம் முழுவதும் ஒரே நீண்ட அட்டவணை: இரண்டாம் வழி.
- கட்டுரை, அறிக்கை, விண்ணப்பம் போன்ற ஓட்டமான உரை. நிறுவனப் பெயரும் முத்திரையும் தாள்தோறும் வரவேண்டும்: மூன்றாம் வழி.
- பக்க எண்ணும் மொத்தப் பக்கங்களும் உங்கள் விருப்பப்படி அமைய வேண்டும்: நான்காம் வழி.

தொடங்குமுன் செய்ய வேண்டியவை

1. மூலக் கோப்பின் பிரதி ஒன்றை வேறு பெயரில் எடுத்து வையுங்கள். சோதனைகள் யாவும் பிரதியிலேயே நடக்கட்டும்.

2. தாளின் அளவை நிச்சயப்படுத்திக்கொள்ளுங்கள். ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. உயரமும் உடையது. அமெரிக்காவில் வழங்கும் லெட்டர் தாளோ 215.9 மி.மீ. அகலமும் 279.4 மி.மீ. உயரமும் கொண்டது, அஃதாவது ஏ4-ஐவிட 17 மி.மீ.க்குச் சற்று அதிகமாகவே குட்டை. அச்சுப்பெட்டியில் லெட்டர் என்று தங்கிவிட்ட ஓர் அமைப்பு, அடிவரியைத் தாளுக்கு வெளியே தள்ளிவிடப் போதுமானது.

3. ஒரு துண்டுக் காகிதத்தில் உயரக் கணக்கைப் போடுங்கள். மேலும் கீழும் ஓரம் 15 மி.மீ. வீதம் விட்டால், 297-இல் 30 போக எஞ்சுவது 267 மி.மீ. பக்கத்தலைப்புக்கு 20, அடிவரிக்கு 12 என்று ஒதுக்கினால், உரைக்கு நிற்பது 235 மி.மீ. இந்த எண்கள் பின்னரும் நம்முடன் வரும்; ஆகையால் அந்தத் துண்டுக் காகிதத்தை எறிந்துவிடாதீர்கள்.

4. அச்சுக்கான விதிகளைத் தனியே வையுங்கள். சி.எஸ்.எஸ். கோப்பில் அட் குறியுடன் தொடங்கும் "மீடியா பிரிண்ட்" என்ற தொகுதிக்குள் எழுதப்படுவன அச்சிடும்போது மாத்திரமே செல்லுபடியாகும். திரையில் தெரியும் பக்கம் அதனால் பாதிக்கப்படாது.

குறிப்பு: தமிழ் எழுத்துகளுக்கு மேலும் கீழும் கொம்பும் சுழியும் உண்டு. ஆங்கிலத்துக்குப் போதுமான வரி உயரம் தமிழுக்கு நெருக்கமாகிவிடும். பக்கத்தலைப்பின் வரி உயரத்தை எழுத்தளவைப்போல ஒன்றரை மடங்காகவேனும் வைத்துக்கொள்ளுங்கள். "கீ", "ஞூ" போன்ற எழுத்துகளை எழுதிப் பார்த்து, சுழி வெட்டுப்படவில்லை என்று கண்டபின் மேலே செல்லுங்கள்.

முதல் வழி: உலாவி தானே தருவது

எந்தக் கோப்பையும் தொடாமல், உலாவியின் அச்சுப்பெட்டியிலேயே செய்து முடிக்கக்கூடிய வழி இது.

1. கன்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு பி விசையைத் தட்டுங்கள். மாக் கணினியில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட்.

2. குரோமில் "மோர் செட்டிங்ஸ்" என்பதை விரித்தால், "ஹெடர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ்" என்ற சிறு கட்டம் தென்படும். அதில் குறியிடுங்கள். தேதியும் பக்கத்தின் பெயரும் மேலேயும், இணைய முகவரியும் பக்க எண்ணும் கீழேயும் தோன்றும்.

3. ஓரம் "நன்" என்று இருந்தால் "டிஃபால்ட்" என மாற்றுங்கள். இவ்வரிகள் ஓரத்தில் குடியிருப்பவை. ஓரமே இல்லாத தாளில் அவற்றுக்கு இடமேது?

4. பக்கம் உங்களுடையதாயின், மேலே வரும் பெயரை நீங்களே தீர்மானிக்கலாம். எச்.டி.எம்.எல். கோப்பின் "டைட்டில்" குறிச்சொல்லுக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே அங்கே அச்சாகும். "முகப்பு" என்று இருந்ததை "நூற்பட்டியல், 2025" என்று மாற்றிய மாத்திரத்தில் பாதி வேலை முடிந்துவிடும், பி.டி.எஃப். ஆகச் சேமிக்கும்போது கோப்புக்கும் அதே பெயர் வருவது ஓர் உபரி லாபம்.

5. ஃபயர்ஃபாக்ஸ் உபயோகிப்போருக்கு இன்னும் சற்றுச் சுதந்திரம் உண்டு. முகவரிப் பட்டையில் "அபவுட்: கான்ஃபிக்" என்று இட்டு, "பிரிண்ட்_ஹெடர்லெஃப்ட்" முதலிய சொற்களைத் தேடினால், மேலே மூன்றும் கீழே மூன்றுமாக ஆறு இடங்களுக்குரிய அமைப்புகள் கிடைக்கும். அவற்றில் உங்கள் சொந்த வாசகத்தையே எழுதலாம். "அண்ட்" குறியுடன் பெரிய எழுத்தில் பி சேர்த்தால் பக்க எண்ணும், பி, டி இரண்டும் சேர்த்தால் மொத்தத்தில் இத்தனையாவது பக்கம் என்பதும் அச்சாகும். இந்தப் பகுதியில் வேறு எதையும் மாற்றாதீர்கள். மாற்றியதன் பழைய மதிப்பை முதலில் குறித்து வையுங்கள்.

ஜாக்கிரதை: கீழே தானாகவே வரும் இணைய முகவரியை ஒருமுறை முழுவதும் வாசித்த பின்னரே தாளைப் பிறர் கையில் கொடுங்கள். விண்ணப்ப எண், பயனர் எண், உள்நுழைவுக்கான இரகசியச் சரம் முதலியன முகவரிக்குள்ளேயே அடங்கியிருக்கும் தளங்கள் உண்டு. உங்கள் கணினியில் சேமித்த கோப்பை நேரே திறந்து அச்சிட்டாலோ, கோப்புறையின் பாதையும் அதனுள் உங்கள் பயனர் பெயரும் தாளில் ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் அந்தக் கட்டத்தின் குறியை நீக்கிவிட்டு, வேறு வழியைக் கைக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வழி: அட்டவணையின் தலையும் காலும்

நூற்பட்டியல், உறுப்பினர் பட்டியல், வரவு செலவு முதலியவற்றுக்கு இதைப்போல் எளியதும் உறுதியானதுமான உபாயம் வேறில்லை. எச்.டி.எம்.எல். அட்டவணையை மூன்று பகுதிகளாகப் பிரிக்கலாம். டேபிள் என்பதன் முதலெழுத்தை ஹெட், பாடி, ஃபுட் என்னும் சொற்களின் முன்னே ஒட்டினால் வரும் "டிஹெட்", "டிபாடி", "டிஃபுட்" என்பனவே அவற்றின் பெயர்கள். அட்டவணை பல தாள்களில் தொடரும்போது, டிஹெட்டில் உள்ளதை ஒவ்வொரு தாளின் மேலும், டிஃபுட்டில் உள்ளதை ஒவ்வொரு தாளின் கீழும் உலாவி தானே திரும்ப அச்சிடுகிறது.

1. அட்டவணையின் முதல் வரிசையை, அஃதாவது நூலின் பெயர், ஆசிரியர், விலை, அலமாரி எண் என்னும் பத்திப் பெயர்களை, டிஹெட் குறிச்சொற்களுக்குள் அடக்குங்கள்.

2. மற்ற வரிசைகள் அனைத்தையும் ஒரே டிபாடிக்குள் வையுங்கள்.

3. அட்டவணையின் பெயரும் தாள்தோறும் வரவேண்டுமானால், அதை "கேப்ஷன்" குறிச்சொல்லில் எழுதாதீர்கள். கேப்ஷன் முதல் தாளோடு நின்றுவிடும். டிஹெட்டுக்குள்ளேயே மேலே ஒரு வரிசை சேர்த்து, அதில் ஒரே கட்டத்தை வைத்து, "கோல்ஸ்பேன்" என்னும் பண்பினால் அதை எல்லாப் பத்திகளின் மேலும் விரித்து, அதில் பெயரை எழுதுங்கள்.

4. அடியில் வரவேண்டிய வாசகத்தை டிஃபுட்டுக்குள் இவ்வாறே அமையுங்கள்.

5. அச்சு விதிகளில் "டிஆர்" என்னும் வரிசைக் குறிச்சொல்லுக்கு "பிரேக்-இன்சைட்: அவாய்ட்" என்று எழுதுங்கள். ஒரு நூலின் பெயர் ஒரு தாளிலும் அதன் எஞ்சிய வரி அடுத்த தாளிலுமாகப் பிளவுபடுவதை இது தடுக்கும்.

6. முன்னோட்டத்தில் முதல் தாள், நடுவில் ஒரு தாள், கடைசித் தாள் என மூன்றையும் பாருங்கள்.

கடைசித் தாளைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. டிஃபுட் தாளின் அடியில் ஒட்டியிருப்பதன்று. அட்டவணையின் இறுதி வரிசையில் ஒட்டியிருப்பது. கடைசித் தாளில் நான்கே வரிசைகள் மிஞ்சியிருந்தால், அடிவரி அவற்றின் காலடியிலேயே, தாளின் உச்சிக்கு அருகில் தொங்கிக்கொண்டு நிற்கும். பட்டியலுக்கு இது பெரிய குற்றமாகாது. அறிக்கைக்கு அழகாக இராது. அதற்குப் பரிகாரம் மூன்றாம் வழியில் வருகிறது.

குறிப்பு: டிஹெட்டின் உயரத்துக்கு ஓர் எல்லை உண்டு. தாளில் ஓரங்கள் போக எஞ்சும் உயரத்தின் கால்பங்குக்குமேல் அது வளர்ந்தால், உலாவி அதைத் திரும்ப அச்சிடக் கடமைப்பட்டதன்று. நம் கணக்கில் 267 மி.மீ.யின் கால்பங்கு ஏறக்குறைய 67 மி.மீ. பெரிய முத்திரையும் மூன்று வரி முகவரியும் பத்திப் பெயர்களும் ஒருங்கே சேரும்போது இந்த எல்லையை எளிதில் தாண்டிவிடலாம்.

மூன்றாம் வழி: நிலைத்த பட்டையும் அதற்கொரு வெற்றிடமும்

சி.எஸ்.எஸ்.ஸில் "பொசிஷன்" என்னும் பண்புக்கு "ஃபிக்ஸ்ட்" என்ற மதிப்பைத் தந்தால், அந்த உறுப்பு திரையில் ஓரிடத்திலேயே நிலைத்து நிற்கும். குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அச்சிடும்போது, ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் திரும்ப வரும். இதைக் கண்டறிந்தவர்கள் மகிழ்ச்சியோடு அச்சிட்டுப் பார்த்து, உடனே மனம் சோர்வதும் உண்டு. நிலைத்த உறுப்பு உரையின் ஓட்டத்தைச் சேர்ந்ததன்று. ஆகையால் அதற்கென்று உலாவி இடம் ஒதுக்காமல், உரையின் மேலேயே அதைப் பதித்துவிடும். முதல் தாளில் மேலே இடைவெளி விட்டுச் சமாளித்துவிடலாம். இரண்டாம் தாளின் முதல் மூன்று வரிகள் பக்கத்தலைப்புக்கு அடியில் புதைந்து கிடக்கும்.

இதற்குரிய தந்திரம், இரண்டாம் வழியையும் மூன்றாம் வழியையும் இணைப்பதே. உரை முழுவதையும் ஓர் அட்டவணைக்குள் வைத்து, டிஹெட்டிலும் டிஃபுட்டிலும் எழுத்து எதுவும் இல்லாத வெற்றுக் கட்டங்களை அமைத்தால், தாள்தோறும் மீள்வது வெற்றிடமே. அந்த வெற்றிடத்தின்மேல் நிலைத்த பட்டை வந்து சரியாக அமர்ந்துகொள்ளும். துளைக்கு இடம் விட்டு எழுதிய ஓலையின் உபாயமே இது.

1. "பாடி"க்குள் முதலிலேயே இரண்டு "டிவ்" உறுப்புகளை எழுதுங்கள். ஒன்றில் பக்கத்தலைப்பின் வாசகம், மற்றொன்றில் அடிவரியின் வாசகம். அவற்றுக்கு முறையே "தலை", "அடி" என்று பொருள்படும் வகுப்புப் பெயர்களை இடுங்கள்.

2. அவற்றை அடுத்து ஒரு டேபிள். அதன் டிஹெட்டில் ஒரு வரிசை, ஒரு கட்டம். கட்டத்துக்குள் 20 மி.மீ. உயரமுள்ள வெற்று டிவ்.

3. டிபாடியில் ஒரு வரிசை, ஒரு கட்டம். உங்கள் உரை முழுவதும் அதற்குள்ளே.

4. டிஃபுட்டில் 12 மி.மீ. உயரமுள்ள வெற்று டிவ்.

5. அச்சு விதிகளில், தலை டிவ்வுக்கு பொசிஷன் ஃபிக்ஸ்ட், "டாப்" 0, "லெஃப்ட்" 0, "ரைட்" 0, உயரம் 20 மி.மீ. என்றும், அடி டிவ்வுக்கு டாப்புக்குப் பதில் "பாட்டம்" 0, உயரம் 12 மி.மீ. என்றும் எழுதுங்கள்.

6. அட் குறியுடன் கூடிய "பேஜ்" விதியில் அளவு ஏ4, ஓரம் 15 மி.மீ. என்று எழுதுங்கள். நிலைத்த பட்டைகள் இந்த ஓரங்களுக்கு உட்புறத்திலேயே நிற்கும்.

7. திரைக்கான விதிகளில் இவ்விரண்டு டிவ்களுக்கும் வெற்றிடங்களுக்கும் "டிஸ்பிளே: நன்" என்று எழுதி மறைத்துவிடுங்கள். அச்சு விதிகளில் டிவ்களுக்கு "பிளாக்" என்றும், டிஹெட்டை மறைத்திருந்தால் அதற்கு "டேபிள்-ஹெடர்-குரூப்" என்றும், டிஃபுட்டுக்கு "டேபிள்-ஃபுட்டர்-குரூப்" என்றும் மீட்டுத் தாருங்கள். டிஹெட்டுக்கு வெறும் பிளாக் என்று எழுதிவிட்டால், அது தலைப்பகுதி என்ற தன் பதவியை இழந்து, மீண்டும் வருவதை நிறுத்திவிடும்.

8. அட்டவணைக் குறிச்சொல்லில் "ரோல்" என்னும் பண்புக்கு "பிரசன்டேஷன்" என்று மதிப்பிடுங்கள். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான், இல்லாத அட்டவணையொன்றை இருப்பதாக அறிவித்து அவர்களைக் குழப்பாமலிருக்க இது உதவும்.

இந்த அமைப்பில், கடைசித் தாளில் நான்கே வரிகள் இருந்தாலும், அடிவரி தாளின் அடியிலேயே நிற்கும். மேலேறிப்போவது டிஃபுட்டில் உள்ள வெற்றிடம் மாத்திரமே, அது எவர் கண்ணிலும் படாது.

குறிப்பு: பட்டையின் உயரமும் வெற்றிடத்தின் உயரமும் ஒன்றாகவே இருக்கவேண்டும். பின்னொரு நாள் பக்கத்தலைப்பில் ஒரு வரி கூட்டினால், இரண்டு இடங்களிலும் எண்ணை மாற்றுவதற்கு மறவாதீர்கள். உரைக்கும் பட்டைக்கும் இடையே சிறிது காற்றோட்டம் வேண்டுமானால், வெற்றிடத்தை மட்டும் 3 அல்லது 4 மி.மீ. கூட்டுங்கள், பட்டையைக் குறைக்க வேண்டாம்.

இவ்வழியின் ஒரே பெருங்குறை, பக்க எண் இதில் அமையாது என்பது. நிலைத்த பட்டை எல்லாத் தாள்களிலும் ஒரே பிரதியாகப் பதிவது; அதனுள் எண் இட்டால், 62 தாள்களிலும் ஒரே எண்ணே அச்சாகும். எண் அவசியமானால் முதல் வழியின் கட்டத்தில் குறியிட்டு உலாவியின் எண்ணை வாங்கிக்கொள்ளலாம். அல்லது நான்காம் வழிக்குச் செல்ல வேண்டும்.

நான்காம் வழி: ஓரப் பெட்டிகள்

பக்கத்தின் அளவையும் ஓரத்தையும் சொல்லும் அட்-பேஜ் விதி, 1998-இல் வெளியான சி.எஸ்.எஸ். இரண்டாம் பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் அந்த ஓரங்களில் எழுதும் வசதி குரோமுக்கு வந்தது 2024 நவம்பரில், அதன் 131-ஆம் பதிப்பில்தான். அதற்கு முன்பெல்லாம் பிரின்ஸ், வீஸிபிரிண்ட் போன்ற தனி மென்பொருள்களோ, பேஜ்டு.ஜேஎஸ் என்னும் உதவி நிரலோ இன்றி இது கைகூடாது. ஆகையால் உங்கள் குரோமின் பதிப்பெண்ணை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாளின் நான்கு ஓரங்களையும் 16 பெட்டிகளாகப் பிரித்திருக்கிறார்கள்: மூலைக்கு ஒன்றாக நான்கு, பக்கத்துக்கு மூன்றாகப் பன்னிரண்டு. நமக்குப் பெரும்பாலும் வேண்டுவன, மேல்நடுவான "டாப்-சென்டர்", கீழ்வலமான "பாட்டம்-ரைட்", கீழிடமான "பாட்டம்-லெஃப்ட்" ஆகிய மூன்றே.

1. அட்-பேஜ் விதியில் அளவு ஏ4. ஓரம் மேலே 30 மி.மீ., பக்கவாட்டில் 15 மி.மீ., கீழே 22 மி.மீ. என்று எழுதுங்கள். இங்கே வாசகம் ஓரத்துக்குள்ளேயே குடியேறுகிறது; ஆகையால் ஓரத்தைத் தாராளமாக விடுவதே இடம் ஒதுக்குவதாகும்.

2. அந்த விதியின் நெளிவு அடைப்புக்குள்ளேயே, அட் குறியுடன் டாப்-சென்டர் என்று எழுதி, "கன்டென்ட்" என்னும் பண்பில் மேற்கோள் குறிகளுக்குள் உங்கள் பக்கத்தலைப்பை இடுங்கள்.

3. பாட்டம்-ரைட் பெட்டியில், கன்டென்ட்டுக்கு "கவுன்டர்" என்று எழுதி அடைப்புக்குறிக்குள் "பேஜ்" என்று இட்டால் பக்க எண் வரும். ஈற்றில் ஓர் எஸ் சேர்த்து "பேஜஸ்" என்று இட்டால் மொத்தப் பக்கங்கள் வரும். இரண்டுக்கும் நடுவே மேற்கோள் குறிக்குள் ஒரு சாய்கோடு வைத்தால், "7 / 62" என்றவாறு அமையும். கவுன்டர் அடைப்பில் பேஜ் என்பதன்பின் காற்புள்ளி இட்டு "தமிழ்" என்பதன் ஆங்கிலப் பெயரை எழுதினால், எண்கள் ௧, ௨, ௩ என்று தமிழ் எண்ணுருவில் வரும். மலர்களுக்கும் வாழ்த்து மடல்களுக்கும் இது தனி அழகு.

4. பெட்டிகளுக்கு எழுத்துருவையும் எழுத்தளவையும் தனியே குறியுங்கள். 9 புள்ளி அளவு தமிழுக்குப் படிக்கத்தக்கதாக இருக்கும்.

5. முகப்புத் தாளில் தலைப்பும் எண்ணும் வேண்டாமெனில், அட்-பேஜுக்குப்பின் முக்காற்புள்ளி இட்டு "ஃபர்ஸ்ட்" என்று இன்னொரு விதி எழுதி, அப்பெட்டிகளின் கன்டென்ட்டை நன் ஆக்குங்கள்.

6. அச்சுப்பெட்டியில் "ஹெடர்ஸ் அண்ட் ஃபுட்டர்ஸ்" கட்டத்தின் குறியை நீக்கிவிடுங்கள்; நம்முடையதே போதும், உலாவியினுடையது வேண்டாம்.

புத்தகங்களில் காண்பதுபோல் அத்தியாயத்துக்கு அத்தியாயம் பக்கத்தலைப்பு தானே மாறவேண்டும் என்பவர்கள் "ஸ்ட்ரிங்-செட்" என்னும் பண்பை நாடவேண்டும். பிரின்ஸும் வீஸிபிரிண்டும் பேஜ்டு.ஜேஎஸ்ஸும் அதை அறியும், குரோம் அறியாது. வீஸிபிரிண்ட் இலவச மென்பொருள். பிரின்ஸ், வணிக நோக்கமில்லாத உபயோகத்துக்கு இலவசமாயினும் முதல் தாளில் தன் சிறு முத்திரையைப் பதித்துவிடும்.

அடிக்கடி நேரும் பிழைகள்

- டிஹெட் முதல் தாளில் மட்டும் வருகிறது. வேறெங்கோ எழுதிய ஒரு விதி அதன் டிஸ்பிளே மதிப்பை மாற்றியிருக்கலாம். அல்லது உயரம் கால்பங்கைத் தாண்டியிருக்கலாம். அல்லது அட்டவணை, ஃப்ளெக்ஸ், கிரிட் முதலிய அமைப்பொன்றின் வயிற்றுக்குள் இருக்கலாம். அச்சு விதிகளில் தாய் உறுப்புகளை எல்லாம் டிஸ்பிளே பிளாக் ஆக்கிச் சோதியுங்கள்.

- நிலைத்த பட்டை தாள்தோறும் வரவில்லை. அதன் தாய் உறுப்புகளில் ஏதேனும் ஒன்றுக்கு "டிரான்ஸ்ஃபார்ம்" என்னும் பண்பு இருந்தால், பட்டை தாளை விட்டுவிட்டு அந்த உறுப்பையே பற்றிக்கொள்ளும். பட்டையை பாடியின் நேர்க்குழந்தையாக வைத்துவிட்டால் இத்தொல்லை இல்லை.

- பட்டையின் வண்ணம் அச்சில் காணோம். மை சிக்கனத்துக்காக உலாவி பின்னணி வண்ணத்தை விட்டுவிடும். "பேக்கிரவுண்ட் கிராஃபிக்ஸ்" கட்டத்தில் குறியிடலாம். அதைவிட, வண்ணத்தை விடுத்து அடியில் ஒரு மெல்லிய கோடு இழுப்பது மேல். நகலெடுக்கும்போதும் கோடு தங்கும், வண்ணம் கறையாகும்.

- எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக வருகிறது. அச்சிடும் கணினியில் அந்தத் தமிழ் எழுத்துரு இல்லை. உங்கள் கணினியிலேயே பி.டி.எஃப். ஆக்கி, அதை அச்சகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள்.

- அடிவரி பாதி வெட்டுப்படுகிறது. பல அச்சுப்பொறிகள் தாளின் விளிம்பு வரை மை இடுவதில்லை. கீழ் ஓரத்தை இன்னும் 5 மி.மீ. கூட்டிப் பாருங்கள்.

அச்சுக்கு அனுப்புமுன்

1. முதலில் பி.டி.எஃப். ஆகச் சேமித்து, அதன் பக்க எண்ணிக்கை எதிர்பார்த்ததுதானா என்று பாருங்கள். எண்ணிக்கை ஒன்று கூடியிருந்தால், ஈற்றில் வெற்றுத்தாள் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

2. ஒவ்வொரு தாளின் முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் வாசித்துச் செல்லுங்கள். புதைந்த வரி இருந்தால், வாக்கியம் தொடர்பற்றுப்போவதே அதைக் காட்டிக்கொடுக்கும்.

3. அச்சுப்பெட்டியில் தாள் ஏ4 என்றும், "ஸ்கேல்" 100 என்றும் இருப்பதை உறுதி செய்யுங்கள்.

4. 1, 2, கடைசி ஆகிய மூன்று தாள்களை மட்டும் அச்சிட்டு, ஓர் அளவுகோலை வைத்து மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் அளந்து பாருங்கள். துண்டுக் காகிதத்தில் போட்ட கணக்கோடு ஒத்துவந்தால், முழுப் பிரதிக்கும் உத்தரவு தரலாம்.

5. எல்லாம் முடிந்தபின் ஒரு சோதனை. நூற்பட்டியலைத் திருத்தி மறுபடி அச்சிட்டபோது நான் செய்தது அது. 62 தாள்களையும் சீட்டுக்கட்டைப்போல் நன்றாகக் கலைத்து, இந்த வேலையில் சிறிதும் சம்பந்தப்படாத ஒருவரிடம் கொடுத்து, அடுக்கித் தரச் சொல்லுங்கள். நூலகத்துக்குப் பத்திரிகை படிக்க வந்த ஒரு பெரியவர், கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, என்னிடம் ஒரு கேள்வியும் கேளாமல் அவற்றை வரிசைப்படுத்தித் தந்தார். மின்விசிறி அப்போதும் தலைக்குமேல் சுழன்றுகொண்டுதான் இருந்தது. உங்கள் தாள்களையும் ஒருவர் இவ்வாறு கேள்வியின்றி அடுக்கிவிட்டால், ஊசியையும் நூலையும் எடுத்துவரப் போகலாம்.